காலிஃபிளவர் இலை

சிட்டம்மா கடையில் காலிஃபிளவரிலிருந்து உரித்துப்போடும் இலையெல்லாம் வெள்ளாட்டுக்குத்தான். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய காய்கறிக் கடை திறந்ததும், சனங்களோடு ஆடும் அங்கே தாவியது. காலிஃபிளவர் மலையாய்க் குவிந்த இடத்தில் இலைக்கா பஞ்சம் என்று நினைத்தது.

ஒரு வாரம் பின்வாசலில் காத்துக் கிடந்தும் ஓர் இலைகூட வரவில்லை. சாக்கடைப் பெருச்சாளியிடம் கேட்டது.

"இலையை வேற ஊர்லயே வெட்டிடுவாங்கக்கா. இங்க பிளாஸ்டிக் உறைதான். வேணும்னா மென்னு பாரு."

"கொழுப்புடா உனக்கு. நான் சிட்டம்மாகிட்டயே போறேன்."

"சீக்கிரம் போ. வாங்க ஆளில்லாம நாளைக்குக் கடையை மூடப்போறா."

ஆடு கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கண்ணாடி வாசலில் போய் நின்றது.

அன்று மாலை அங்கே வந்தவர்களெல்லாம் சிட்டம்மா கடைக்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, ஆளுக்கொரு காலிஃபிளவரும் வாங்கினார்கள்.