பன்னிரண்டு மணிக்கு மாறாத நாள்

தாம்பரத்து நாலு மணி வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து ஜென்சியின் கணினித் திரையில் விழுகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறாள்: இரவு ஷிப்ட், பதினோரு பெண்கள், ஆப்சென்ட். தொழிற்சாலைக் கதவில் அவர்கள் அட்டை காட்டிய நேரமெல்லாம் பதிவில் இருக்கிறது. இரவு பத்துக்கு உள்ளே, காலை ஆறுக்கு வெளியே. வருகையைக் கணக்கெடுக்க அவள் எழுதிய குவெரிதான் இரண்டையும் ஒரே தேதிக்குள் தேடிவிட்டுக் கைவிரிக்கிறது. பதினொருவரில் ஒருத்தியான ரத்தினபாய், வேலைக்கு வரவில்லை என்று கொடுத்த மெமோவைக் கையெழுத்துப் போடாமல் நான்காக மடித்துப் பிடித்தபடி மேசையோரம் நிற்கிறாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது; யாரும் உட்காரச் சொல்லவில்லை. பொழிச்சலூர்ப் பக்கம் இறங்கும் விமானத்தின் இரைச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

“என் தப்பு சார், மாத்திடுறேன்,” என்கிறாள் ஜென்சி.

“வேணாம். மெமோ போயாச்சு. பன்னண்டு அடிச்சா அடுத்த நாள்தானே?” மேனேஜர் ஷ்யாம்சுந்தர் பேனாவால் திரையைத் தட்டுகிறார்.

“விடிய விடிய நின்னுகினு பேக்கிங் பண்ணோம். கண்ணே மூடல,” என்கிறாள் ரத்தினபாய். “எங்களுக்கு எப்ப சார் அடுத்த நாள் வந்துச்சு?”

அவர் வாய் திறப்பதற்குள் ஜென்சி தேதி வரியை அழிக்கிறாள். ஒவ்வொருத்தியும் உள்ளே வந்த நேரத்தோடு அவள் அடுத்து வெளியேறிய நேரத்தைக் கோக்கிறாள்.

“யாரைக் கேட்டு மாத்துறீங்க?”

“கதவைக் கேட்டு, சார்.”

என்டரைத் தட்டுகிறாள். பதினோரு பெயர்களும் வரிசையாக எழுகின்றன, எட்டெட்டு மணி நேரத்தோடு. ரத்தினபாய் குனிந்து தன் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். மடித்த மெமோவை மேனேஜர் கையில் வைக்கிறாள். பிறகு, யாரையும் கேட்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள்.