பதினேழு பைகள்

பூங்கா திறந்து ஒரு மாதமாகியும் நடைபாதையில் ஆளில்லை. அதை வடிவமைத்த சுபாங்கன் காரணம் அறியக் காலையிலேயே வாசலில் வந்து நின்றான். தலைக்கு மேலே, அவனே எழுதிக் கொடுத்த பெரிய பலகை இருந்தது: ‘நீரிழிவு நோயாளர் நடைபாதை’.

பக்கத்து ஒழுங்கைப் பத்மாசினி, பருத்த சந்தைப் பையோடு வெளியே வீதியால் வேகமாக வந்தாள்.

“அக்கா, உள்ளுக்கு வந்து நடவுங்கோவன். நிழல் கிடக்கு, களைச்சா இருக்க மரவாங்கும் கிடக்கு.”

“நேரமில்லைத் தம்பி. சந்தையாலை வாறன், போய்ச் சமைக்க வேணும்.”

அரை மணித்தியாலத்துக்குள் அவள் அதே திசையில் மூன்றாவது தரம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“பாரமாக்கும் அக்கா. தாங்கோ, வீடு வரைக்கும் கொண்டுவந்து தாறன்.”

அவள் மறுப்பதற்குள் பையை வாங்கிவிட்டான். பாரமேயில்லை. உள்ளே கசக்கிய பழைய பேப்பர்கள் மட்டுமே இருந்தன.

“டொக்டர் ஒவ்வொரு நாளும் நடக்கச் சொன்னவர்,” என்றாள் மெதுவாக. “மகளுக்குக் கலியாணம் பேசுறம் தம்பி. உந்தப் பலகைக்குக் கீழாலை போனா, தாய்க்குச் சீனி வருத்தம் எண்டு மாப்பிள்ளை வீட்டுக்குக் கதை போயிடும்.”

அன்று மாலையே சுபாங்கன் பலகையைக் கழற்றுவித்தான். நடைபாதையின் மறுகோடியில் ஒரு கீரைக்காரிக்கு இடம் கொடுத்தான்.

அடுத்த கிழமை, பூங்காவுக்குள் பதினேழு பைகள் சுற்றிச் சுற்றி நடந்தன. கீரைக்காரி மட்டும் முறைப்பாட்டோடு வந்தாள்.

“ஐயா, எல்லாரும் பையோடைதான் வருகினம். ஒருத்தரும் ஒரு பிடி கீரை வாங்கிறேல்லை.”