இரண்டு குழம்பு

துர்கா ஒரு வாய்ச் சோற்றை மீன் குழம்பில் பிசைந்து மாமியாரின் உதட்டருகே கொண்டுபோனாள்.

வாய் திறக்காது என்றுதான் நினைத்திருந்தாள்.

அகஸ்டினா வாயைத் திறந்தாள்.

மென்றாள். விழுங்கினாள். அடுத்த வாய்க்காகத் தட்டைப் பார்த்தாள்.

முத்தியால்பேட்டையில் இந்த வீட்டுக்குத் துர்கா மருமகளாக வந்த பிறகு இப்படி ஒன்று நடந்ததே இல்லை.

அருள்பிரகாஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்புவதற்குள் சமைத்துவிட வேண்டும் என்று அவள் விடிந்ததுமே மார்க்கெட்டுக்குப் போனாள். நல்ல கொடுவா மீன் வாங்கி வந்தாள். பாகூர்ப் பக்கம் அவள் அம்மா வைப்பதுபோல மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள்.

கோயிலிலிருந்து வந்த அகஸ்டினா முக்காட்டை மடித்து வைத்தாள். துர்கா தட்டு வைத்துக் கூப்பிட்டபோது, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டு எழுந்தாள்.

ஒரே மகன் கோயிலில் வைத்துத் தாலி கட்டவில்லையே என்ற கோபம் அது. துர்காவுக்கும் அது புரியாமலில்லை.

அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மறுபடியும் முகத்தில் அடித்தாற்போல ஒரு பதிலை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குழம்பு. அடுப்பின் இடது பக்கத்தில் மாமியாரின் ஆட்டுக்கறி கொதிக்கும். வலது பக்கத்தில் மருமகளின் மீன்.

சண்டை என்று ஒன்றும் இல்லை. மஞ்சள்தூள் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அருள்பிரகாஷ் இரண்டையும் ஊற்றிச் சாப்பிட்டு, இரண்டையும் ஒரே அளவு புகழ்வான். மேசையின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அவரவர் தட்டை மட்டுமே பார்த்துச் சாப்பிட்டார்கள் என்றுதான் துர்கா நினைத்திருந்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

போன மழைக்காலத்தில் அகஸ்டினா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. அடுப்படிப் பக்கமே அவள் எட்டிப் பார்ப்பதில்லை. குளிப்பாட்டி உடை மாற்ற ஒரு பெண் காலையில் வந்து போனாள். சாப்பாடு மகன் கையால்தான். அவன்தான் ரசம் வைத்து, குழையப் பிசைந்து ஊட்டினான். துர்காவிடம் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது புதிதில்லை என்பதால் துர்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று துர்காவுக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டூட்டி இல்லை. அரியாங்குப்பத்தில் ஒரு சாவுக்குப் போன அருள்பிரகாஷ் போன் செய்தான். எடுக்க நேரமாகும் போலிருக்கிறது, அம்மா பசி தாங்கமாட்டாள், நீயே கொடுத்துப் பாரேன் என்றான்.

ரசம் வைத்திருக்கவில்லை. மீன் குழம்பு மட்டும்தான் இருந்தது.

துர்கா அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டில் சோற்றையும் ஒரு கிண்ணத்தில் குழம்பையும் எடுத்துக்கொண்டு மாமியாரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

இப்போது நாலாவது வாய் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கி, முள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கொடுத்தாள். மாங்காயைச் சப்பிவிட்டு அகஸ்டினா இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

துர்காவுக்குக் கண் கலங்கியது. கோபம் தீர்ந்துவிட்டது. கடைசியில் தீர்ந்தேவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் என்று இருந்தது.

தட்டு காலியானது. ஈரத் துணியால் மாமியாரின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"மெர்சிம்மா" என்றாள் அகஸ்டினா.

துர்காவின் கை அப்படியே நின்றது. அகஸ்டினா அந்தப் பிரெஞ்சு நன்றியை வீட்டு ஆட்களிடம் சொல்லி அவள் கேட்டதில்லை. ஊசி போட வரும் நர்சிடம் சொல்வாள். பூ கொண்டுவருபவளிடம் சொல்வாள்.

"அத்த…" என்று தொடங்கினாள்.

அகஸ்டினா அவளைப் பார்த்துச் சிரித்தாள். புதிதாக வந்தவர்களிடம் சிரிக்கும் மரியாதையான சிரிப்பு.

"எம் மருமவளும் இப்பிடித்தாம்மா மாங்கா போட்டு வைப்பா. வாசன தெரு வரைக்கும் போவும். நாந்தான் ஒரு நாளும் தொட்டதில்ல. இன்னொரு வாட்டி கூப்புடுவான்னு பாத்துகிட்டே இருந்தேன்."

துர்கா துணியைப் பிழிவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அகஸ்டினா குழம்புக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் மீன் தலை கிடந்தது. அதை விரலால் சுட்டினாள்.

"இத அவளுக்கு எடுத்து வெச்சிடு. தலைன்னா அவளுக்கு உசுரு, கடைசியா வெச்சிருந்து திம்பா. கதிர்காமம் ஆஸ்பத்திரில டூட்டிக்குப் போயிருக்கா, பசியோட வருவா."

துர்கா எழுந்து போய் ஒரு தட்டை எடுத்து வந்து கிண்ணத்தை மூடினாள்.

"வந்ததும் குடுக்குறேன்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு, அகஸ்டினா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.