படி தாண்டிய தேங்காய்

நாராயணபெருமாள் தினம் நாற்பது பனை ஏறி இறங்குகிற ஆள். ஆனால் கோவில் வாசலில் அவருக்குக் கால் எழும்பவில்லை!

எல்லாச் சாதிக்காரரும் கோவிலுக்குள் போகலாம் என்று மகாராஜா அறிவிப்பு போட்ட மறுநாள் காலை. நூறு பேர் குளித்து முழுகி வந்திருந்தார்கள். நூறு பேரும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

"ஏறும் ஓய்! நாப்பது பனை ஏறுத ஆளுக்கு இந்த ஒரு படி ஏறப்படாதா?" என்றார் பக்கத்தில் நின்ற ரசலையன்.

"பனை யாரையும் அடிச்சதில்ல வே."

இந்தக் கோவில் தெருவில் நடந்து போனதற்காக நாராயணபெருமாளின் அப்பா அடி வாங்கியிருக்கிறார். "என்னைக்காவது உள்ள விட்டா எம் பேருல ஒரு தேங்கா ஒடச்சிரு மக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அந்தத் தேங்காய்தான் இப்போது கையில் இருந்தது. கை மாற்றும்போது அது நழுவி, உருண்டு, வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

"ஐயோ!" என்று ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, அதை எடுத்துக்கொண்டு வெளியே துள்ளி வந்து விழுந்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கு மானம் போயிற்று. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தலையைக் குனிந்தபடியே திரும்பினார்.

யாரோ அவரை உரசிக்கொண்டு போனார்கள். நிமிர்ந்து பார்த்தால், கோட்டாறு சந்தையில் கருப்பட்டி விற்கிற அன்னக்கிளி! விறுவிறுவென்று படி தாண்டி உள்ளே நடந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டா! அன்னக்கிளி உள்ள போயிட்டா!"

அவ்வளவுதான். மடை உடைந்த மாதிரி ஜனம் உள்ளே பாய்ந்தது. நாராயணபெருமாளும் ஓடினார். அழுதுகொண்டே சிரித்தார். அப்பா பேரில் தேங்காயை உடைத்தார்.

வெளியே வந்ததும் அன்னக்கிளியைத் தேடிப் பிடித்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீ இல்லன்னா நான் வீட்டுக்குப் போயிருப்பேன், தாயீ. பொம்பள நீ மொதக் கால வச்சிட்ட. ஆம்பள நான் பயந்து நின்னேன். ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு இந்தத் தைரியம்?"

அன்னக்கிளி வாயைப் பிளந்தாள்.

"நல்ல கூத்து அண்ணாச்சி! நானும் தொடை நடுங்கிக்கிட்டுல்லா நின்னேன்? தேங்கா எடுக்க நீங்க உள்ள காலு வச்சீங்க. ஒருத்தன் ஏன்னு கேக்கல, வானமும் இடிஞ்சு விழல. ஒங்க காலு போன எடத்துக்கு எங்காலு போவாதான்னுதான் நான் ஏறுனேன்!"