அந்தரங்கம்

போனில் பேசிய கிரெடிட் கார்டு கம்பெனிப் பெண்ணிடம், வீட்டிலிருந்து ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேனேஜர் எகிறினார்.

"கார்டு கேட்டா வருமானவரிக் கணக்கைக் கொண்டாங்கறீங்களே! என் சம்பளம் என் அந்தரங்கம். கட்டின பொண்டாட்டிகிட்டயே மூச்சு விட்டதில்லை!"

சொன்னவர் பதறிப்போய் உள்ளறையை எட்டிப் பார்த்தார். மாசாமாசம் அவளிடம் பஞ்சப்பாட்டு பாடுகிறவராயிற்றே! நல்லவேளை, அவளுடைய தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க கணக்கு வேண்டாம் சார். உங்க மனைவியும் எங்க கார்டுதான் வெச்சிருக்காங்க. அவங்க தந்த வரிக் கணக்கே போதும். அந்த வருமானத்துக்குப் பத்து கார்டு தரலாம்."

"அவளா? பொழுதுபோகாம துணி தைக்கிறவம்மா அவ!"

"ஐயோ... உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னாங்க சார். உளறிட்டேனே!"

தையல் மெஷின் நின்றது.

"என்னங்க, நூல் வாங்கக்கூடக் காசில்லை. கொஞ்சம் கொடுத்துட்டுப் போங்களேன்!"