ஏகப்பனுக்குப் பயம்

வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போகமாட்டேன் என்று ஏகப்பன் சொன்னதும், காரைக்குடி டயாலிசிஸ் வார்டில் கண் மூடிக் கிடந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கைக்குள்ள கம்பியை விட்டு, பலூனை வச்சு ஊதுவாகளாம். எனக்குப் பயமா இருக்கு."

அறுபத்திரண்டு வயது மனிதர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். மதுரையில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் சொந்த ஊரான குன்றக்குடிக்குத் திரும்பி இந்த வார்டில் சேர்ந்திருந்தார்.

பக்கத்துக் கட்டில் பாண்டீஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காரணம் இருந்தது.

பாண்டீஸ்வரி அமராவதிபுதூர் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். டயாலிசிஸுக்காக இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால், தூரத்தில் எங்கோ ரைஸ் மில் ஓடுவது போல ஒரு மெல்லிய அதிர்வு. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதைத் தொட்டபடியே கண்ணயர்ந்துவிடுவாள். ஊருணித் தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போலக் கனவு வரும். இந்த மில் ஓடுகிறவரை நாமும் ஓடுவோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இந்த வாரம் அதிர்வு மெலிந்துவிட்டது. இன்று மெஷின் நாலைந்து தடவை கத்தியது. நர்ஸ் ஆரோக்கிய ஷீலா கையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, உடனே பலூன் வைத்து விரிக்காவிட்டால் மொத்தமாக அடைத்துவிடும், அப்புறம் கழுத்தில்தான் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டதில், நாளை வெள்ளிக்கிழமைக்கு ஆள் நிரம்பிவிட்டது, இனி புதன்கிழமைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அதுவரை கை தாங்குமா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ஷீலா. பாண்டீஸ்வரி சத்தமில்லாமல் அழுதாள். அழுத அசதியில் கொஞ்சம் தூங்கியும் போனாள்.

விழித்தபோதுதான் ஏகப்பன் அப்படிச் சொன்னார். வெள்ளிக்கிழமை இடம் கிடைத்தவர்களில் அவரும் ஒருவர்.

"அண்ணே, நான் இடம் கிடைக்காமத் தவிக்கிறேன். கிடைச்ச இடத்தை வேண்டாங்கிறீகளே," என்றாள். "கொடைக்கானல் மலையில பஸ் ஓட்டினவுக. ஒரு ஊசிக்கா பயப்படுறீக?"

ஏகப்பன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"பஸ்ல ஸ்டியரிங் நம்ம கையில இருக்கும் தங்கச்சி."

வார்டில் சிரிப்பு எழுந்தது. இவர் சம்சாரத்திடம் சொல்லித்தான் தூக்கிக்கொண்டு போகணும் என்றார் எதிர்க் கட்டில்காரர். ஏகப்பன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

ஷீலா மறுபடி மதுரைக்குப் பேசினார். ஏகப்பனின் இடம் பாண்டீஸ்வரிக்குக் கிடைத்தது.

அன்று வீட்டில், புருஷன் கதிரவனிடம் நடந்ததைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. வளர்ந்த மனுசன் இப்படியா பயப்படுவார் என்று இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். பனி விலகவில்லை. குன்றக்குடி மலையின் அடிப்பகுதி பனியில் அழிந்துபோய், உச்சிக் கோயில் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அதன் அடியில் எங்கோ ஏகப்பன் போர்த்திப் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

மதுரையில் அவளை மேஜையில் படுக்கவைத்து, கை மரத்துப்போக ஊசி போட்டார்கள். பதற்றம் தணிய வேறொரு மருந்தும் ஏறியது. சத்தமெல்லாம் பஞ்சுக்கு அப்பாலிருந்து கேட்பது போல் ஆனது. திரையில் அவளுடைய ரத்தக்குழாய் தெரிந்தது. வானத்திலிருந்து பார்க்கும் ஆறு மாதிரி வளைந்து வந்து, ஓரிடத்தில் நூலாய் இளைத்திருந்தது.

டாக்டர் மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தினார். அந்த இளைத்த இடத்தில் பலூன் உப்பியது. கை விண்ணென்று கடுத்தது. பாண்டீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கடுப்பு இறங்கியது. திரையில் ஆறு அகலமாகி ஓடியது.

எல்லாம் முடிந்து கட்டுப் போட்டதும், டாக்டர் அவளுடைய வலது கையை எடுத்து இடது கையின் மேல் வைத்தார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னைவிடப் பலமாக. கண் தானாக மூடியது. தண்ணீரில் மிதப்பது போலவே இருந்தது. அந்தச் சுகத்தில் ஏகப்பனின் முகம் நினைவுக்கு வந்தது.

"சார், இன்னைக்கு ஏகப்பன்னு ஒருத்தர் வந்திருக்கணும். பயந்துக்கிட்டு வரலை. இது ஒண்ணுமில்லைன்னு நீங்கதான் அவருக்குத் தைரியம் சொல்லணும்."

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி அவளைப் பார்த்தார்.

"அவருக்கு நானே அஞ்சு தடவை பலூன் வச்சிருக்கேம்மா. இதே மேஜையில குறட்டை விட்டுத் தூங்குவாரு. நேத்து போன் பண்ணி, 'என் கை புதன்கிழமை வரைக்கும் தாங்குமா சார்'னு கேட்டாரு. தாங்கும்னேன். 'அப்ப என் இடத்தைப் பக்கத்துக் கட்டில் புள்ளைக்குக் குடுத்துருங்க. விட்டுக்குடுத்தேன்னு சொன்னா அது வராது, நான் பயந்துட்டதாச் சொல்லிக்கிறேன்'னாரு."