குனிய வைத்த வாசல்

தொண்ணூற்றாறில் வால்பாறை எஸ்டேட்டின் லைன் வீடுகளை, தொழிலாளர்களின் தாழ்ந்த மர நிலை வைத்த வரிசை வீடுகளை, இடித்தார்கள். அங்கே குடியிருந்த கௌதமன் மனைவி பொற்கொடியோடு சிங்காநல்லூருக்குக் குடிவந்தான். வாடகை வீட்டுக்கு இரும்பு நிலை, நல்ல உயரம். ஆனாலும் பழக்கம் விடாமல் தினமும் குனிந்தே நுழைந்தான்.

“ஏனுங்க, இடிச்சுப்போட்ட ஊட்டுக்கு இன்னும் கும்பிடு போட்டுட்டே இருப்பீங்களா?” என்று பொற்கொடி சிரித்தாள். பக்கத்து வீட்டாரும் சிரித்தார்கள்.

போதும், இனி மலையை நினைப்பதில்லை என்று அவன் முடிவெடுத்தான். அன்று மாலை வேலையிலிருந்து வந்தவன், வாசலில் சற்று நின்று, தலையை நிமிர்த்தி உள்ளே கால் வைத்தான்.

நெற்றி மடேரென்று இடித்தது.

மஞ்சள் பூச வந்த பொற்கொடி, காயத்திலிருந்து ஒரு மரச்சிராயை மெல்ல எடுத்தாள். அதில் லைன் வீட்டு நிலையின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“நிமுந்துதான் வருவேன்,” என்று அவன் மறுபடி வெளியே போனான். தடுக்க ஓடிய பொற்கொடி, வாசலில் தானாகக் குனிந்தாள்.